கோபப்பேய் பிடிக்கும் கிண்ணம்

சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று இருந்தவர்கள்: மேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிம்மாசனத்தில், கோபப்பேய் ஓட்டும் சௌந்தரபாண்டியன் ஐயா. அவர் காலடியில், வெள்ளைப் பசை டப்பாவோடு உதவியாளர் சுமதி. முதல் வரிசையில், மண்டப வாடகையை ஏற்றுக்கொண்ட விசைத்தறி முதலாளி பெருமாள்சாமி. இரண்டாம் வரிசையில், ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் ஆரத்தி கரைக்கும் கோமதித்தாய். கடைசியில், மின்விசிறி இல்லாத இடத்தில், ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் எஸ்லின் டீச்சரும் மகள் ஜாய்லினும். நடுவில் முந்நூறு பேர். பகுத்தறிவு வரவில்லை, அதற்கு நாற்காலியும் போடவில்லை.

ஐயாவின் முறை எளிது. கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர். முதலில் தாய் கையை முக்குவார், நிறம் மாறாது. அடுத்து பிள்ளை. பேயை உள்ளங்கைக்கு இழுக்கவென்று சுமதி பிள்ளையின் கையில் பசை தடவியிருப்பாள். முக்கியதும் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். அப்புறம் நாற்பத்தெட்டு நாள் ஐயாவின் இளையரசனேந்தல் தோப்பில் வாசம். டாக்டர், மருந்து எல்லாம் விலக்கு.

ஜாய்லினுக்கு வயது இருபத்துமூன்று. அன்பு வந்தாலும் வெள்ளம், கோபம் வந்தாலும் வெள்ளம். யாராவது போனை எடுக்காவிட்டால், கைவிட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு வெடிக்கும். திருநெல்வேலி டாக்டரம்மா அதற்கு ‘எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு’ என்று பேர் சொல்லி, ஏழு மாதமாகப் பயிற்சி கொடுக்கிறார். கொந்தளிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடு. குளிர்ந்த தண்ணீரில் முகம் கை கழுவு. அலை இறங்கியபின் பேசு. போன மாதம் வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை. ஆனாலும் அத்தனை நீளப் பேரைவிட, இரண்டெழுத்துப் பேய் அம்மாவுக்குச் சுலபமாக இருந்தது.

இருவரும் மேடையேறினார்கள். தாய் கையை முக்கியாயிற்று, மகள் கையில் பசையும் தடவியாயிற்று. ஐயா எஸ்லினைப் பார்த்தார்.

“திரும்பிப் பாக்காம வெளிய போ தாயி. இனிமே இவ உன் மவ இல்ல.”

மகளுக்கு எது தாங்காது என்று பதிவு மேசையில் எழுதிக் கொடுத்ததே எஸ்லின்தான். ஐயாவின் ஞானதிருஷ்டிக்கு நல்ல கையெழுத்து போதும்.

அம்மா போய்விட்டார். ஜாய்லினுக்குக் காது அடைத்தது. கிண்ணத்தைத் தூக்கி ஐயாவின் தலையில் கவிழ்க்கக் கை துடித்தது. ‘பத்துக்குப் பத்து’ என்று சொல்லிக்கொண்டு, பந்தி முடிந்தவர்கள் கைகழுவும் குழாயடிக்கு ஓடினாள்.

“பேயி ஓடுதுவே, பிடிங்க!”

பேய் சோப்புப் போட்டு, நுரை போக அலசிக் கை கழுவியது. முகத்தில் தண்ணீரை வாரி அடித்தது. எட்டு, ஆறு, ஐந்து. திரும்பி வந்து கையை முக்கியது.

மஞ்சள். அதே மஞ்சள்.

“யாருட்டி உன்னக் கழுவச் சொன்னது? பசைய எங்க?” ஐயா சீறினார்.

“பேயி எங்கிட்ட இருக்கா, பசையில இருக்கா ஐயா?” ஜாய்லின் பசை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். “உங்க கையில பூசி முக்குங்க, பாப்போம்.”

ஐயா கையைத் துண்டுக்குள் ஒளித்தார். பெருமாள்சாமி எழுந்து வந்து பசையைத் தானே பூசிக்கொண்டு முக்கினார். சிவந்தது.

“ஐயோ, மொதலாளிக்கும் பேயி!”

“சும்மா கெடங்கவே!” கோமதித்தாய் டப்பாவை மோந்து பார்த்தார். “வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்புல்லா இது! மஞ்சத்தண்ணியில விழுந்தா செவக்காம என்ன செய்யும்? இதே மண்டபத்துல எத்தன மாப்பிள்ளைக்குக் கரச்சிருக்கேன்!”

முந்நூறு பேரும் ஆரத்தி கண்டவர்கள்தான். தட்டில் கண்டால் ஆரத்தி. கிண்ணத்தில் கண்டால் பேய்.

“நாசமாப் போவிய எல்லாரும்!” ஐயா சிம்மாசனத்தை எட்டி உதைத்தார்.

“பத்துக்குப் பத்து. குழாய் அங்கன இருக்கு ஐயா” என்றாள் ஜாய்லின்.

வாசலில் நின்று எல்லாம் கேட்ட எஸ்லின் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “மஞ்சள் ஒரு நிறங்காட்டின்னு வருசாவருசம் நானேல்லா போர்டுல எழுதுதேன்! அப்ப உனக்கு ஒண்ணும் இல்லயாட்டி?”

“இருக்கும்மா. பேயி இல்ல, நோவு. அது கழுவுனாப் போவாது, கொறயும். வியாழக்கெழம டாக்டரம்மாட்ட நீயும் வா.”

“வாரேன்” என்றார் அம்மா.

மறுநாள் ஜாய்லின் மேலநீலிதநல்லூர் மண்டபக்காரருக்குக் கடிதம் எழுதினாள். அடுத்த முகாம் அங்கே என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நடந்ததை வரிசையாக எழுதி, இப்படி முடித்தாள்:

“ஐயா வந்தால் வரட்டும். பசையை முதலில் அவர் கையில் தடவி முக்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஏன் என்று யோசியுங்கள். யோசிப்பதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.”

கீழே எஸ்லின் டீச்சரும் கையெழுத்துப் போட்டார். ஜாய்லின் உறையை ஒட்டி, தபால்தலையை அழுத்தி, பெட்டிக்குள் போட்டாள்.