எழுதவிடாத விதி

என் அத்தான் பதினொரு நாள் பொலிஸ் காவலில் இருந்ததற்கு நான்தான் காரணம். இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன்.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் இரத்தோட்டையிலிருந்து அக்கா புருஷனான அத்தானையும் கூட்டிவந்து வரவேற்பு மேசையில் சேர்த்துவிட்டிருந்தேன். அங்கே தமிழர் நாங்கள் இருவர்தான்.

ஹோட்டல் நெட்வர்க்கில் போகிறது வருகிறதையெல்லாம் கவனித்துப் பதிவுசெய்ய ஒரு புரோகிராம் இருந்தது. அதற்குள் யாராவது புகுந்தால் சேர்வரே அவன் கைக்குப் போய்விடும் என்று எங்கோ படித்தேன். உடனே அதைக் கட்டிப்போட ஒரு விதி எழுதினேன்: நெட்வர்க்கில் போவதைக் கவனிக்கலாம், ஒரே ஒரு ஃபோல்டரில் எழுதலாம், வேறெதையும் தொடக்கூடாது. அந்தப் புரோகிராம் சேர்வரில் முழு அதிகாரத்தோடு ஓடினாலும் இந்த விதியை மீற முடியாது. (மனேஜரிடம் இதை மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் அவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.) திரையில் வரிகள் ஜோராக ஓடின. ஃபோல்டரைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் பொலிஸ் வந்தது. எங்கள் இணைப்பிலிருந்து யாரோ மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்களாம். இன்ஸ்பெக்டர் அத்தானின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"பயப்படாதீங்க அத்தான். எந்த மெஷின்லருந்து போச்சுன்னு ஒரு நிமிஷத்துல காட்டுறேன்."

"நீ இருக்கிறப்ப எனக்கென்ன பயம், மச்சான்?"

ஃபோல்டர் காலி. சேர்வரின் இன்னொரு பதிவில் மட்டும் ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் ஒன்றே: எழுத அனுமதி மறுக்கப்பட்டது. இங்கே எழுதலாம் என்று அந்த ஃபோல்டருக்குப் போடவேண்டிய அடையாளக் குறியை நான் போடவே இல்லை.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்: "யார் மறுத்தது?"

"சேர்வர், சார்."

"சேர்வருக்கு யார் சொன்னது?"

"நான்தான், சார்."

மனேஜர் தலையாட்டினார், என் விதி முதல்முறையாகப் புரிந்துவிட்டதுபோல.

எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். என்னை மறுநாளே விட்டார்கள். இவ்வளவு மடையன் சதி செய்யமாட்டான் என்று முடிவுகட்டியிருக்க வேண்டும். அத்தான் திரும்பியபோது இடது கையைத் தூக்க முடியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. மின்னஞ்சலை அனுப்பியது யார் என்று பொலிசும் சொல்லவில்லை. ஹோட்டல் எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. அத்தான் வேலை தேடி வளைகுடாவுக்கு, கட்டாருக்குப் போனார்.

இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வீடியோக்காரர் வந்தால், அத்தான்தான் முதலில் சத்தம்போடுவார்: "தம்பி, கெமராவ மச்சான் தொட்டானா? தொட்டிருந்தா வேற கெமரா எடுத்துட்டு வாங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் எழுந்து அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குள் போய்விடுவாள்.