வேரோனிக்காவின் பாஷை

வேரோனிக்காவின் பாஷை எதுவென்று தெரியாமல் அண்ணனின் பூசையை வைப்பதில்லை என்று அகஸ்ரின் முடிவெடுத்துவிட்டார்.

அண்ணன் சீமோன் சுவிஸில் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ரொறன்ரோவில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தன் சாம்பலை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். அந்தச் சாம்பலை மடியில் வைத்துக்கொண்டு பிளேனில் வந்திறங்கிய அவருடைய வெள்ளைக்கார மனைவி வேரோனிக்கா, இப்போது ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் அகஸ்ரினின் அப்பார்ட்மென்டில் இருந்தார். சனிக்கிழமை கோயிலில் அடக்கப் பூசை.

அந்தக் கல்யாணத்துக்கு வீட்டில் ஒருவரும் போனதில்லை. வெள்ளைக்காரியைக் கட்டினால் இந்த வீட்டை மறந்துவிடு என்று அம்மா சொன்னார். அகஸ்ரின் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா போய்விட்டார், அண்ணனும் போய்விட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு இனி மிஞ்சியிருப்பது இந்த ஒரு மனுசிதான்.

"பூசையில ஒண்டும் விளங்காமல் அவ தனிய இருக்கக் கூடாது," என்றார் மனைவி மக்டலீனிடம். "அவவின்ர பாஷையில ஒரு பைபிள் வாசகமாவது வாசிக்க வேணும்."

"சுவிஸ்காரர் என்ன பாஷை கதைக்கிறவை?"

"சுவிஸ் பாஷைதான்."

மகள் கரோலின் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, அப்பிடி ஒரு லாங்வேஜே இல்லை. அங்க நாலு இருக்கு."

இதெல்லாம் சாப்பாட்டு மேசையில், வேரோனிக்காவுக்கு முன்னால் நடந்த பேச்சு. அவர் தலையைக் குனிந்து புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கறிக்கு உப்புக் கூடிப்போச்சு," என்றார் மக்டலீன். "பரவாயில்லை, அவவுக்கு உது தெரியாது."

வேரோனிக்கா கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"ஃபுட் குட்?" என்று கேட்டார் அகஸ்ரின்.

"வெரி குட், தாங்க் யூ."

"யுவர் லாங்வேஜ்?"

வேரோனிக்கா சற்று யோசித்தார். "மெனி," என்றார்.

அதோடு அகஸ்ரினின் இங்கிலிஷ் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை, பிறம்ரனில் அவரோடு ஒரே வெயர்ஹவுசில் வேலை செய்யும் எட்வேட் வந்தார். கனடாவுக்கு வருவதற்கு முன்பு ஜேர்மனியில் இருந்தவர். துக்க வீடு என்பதால் கழுத்தில் ரை கட்டியிருந்தார். அவர் ஜேர்மனில் கேட்டார். வேரோனிக்கா ஜேர்மனில் மறுமொழி சொன்னார். வெகுநேரம் கதைத்தார்கள். எழுந்து வரும்போது எட்வேட்டின் முகம் வாடியிருந்தது.

"அண்ணை, என்னைவிட நல்ல ஜேர்மன். ஆனா தன்ர சொந்தப் பாஷை உது இல்லையாம். பள்ளிக்கூடத்தில படிச்சதாம்."

"அப்ப உதை விடுவம்."

"விடுறதோ? நான் லீவு போட்டு வந்தனான் அண்ணை. முதலாம் வாசகம் ஜேர்மனில வாசிக்கத்தான் போறன்."

பின்னேரம் கரோலின் தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கும் பிரெஞ்சிலேயே மறுமொழி வந்தது. "ஜெனீவாவில ஹொஸ்பிற்றல்ல வேலை செய்தவவாம் அப்பா. பிரெஞ்ச் வேலைக்காகப் பழகினதாம்." வேரோனிக்கா அவளுடைய உச்சரிப்பைப் பாராட்டிவிட்டார். ஆகவே இரண்டாம் வாசகத்தைத் தான் பிரெஞ்சில் வாசிப்பதாகக் கரோலின் சொல்லிவிட்டாள். இத்தனை வருசத்தில் கோயிலில் வாசிக்க அவள் தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அகஸ்ரினால் மறுக்க முடியவில்லை.

பிறகு பேர்ணடெற் அன்ரியைக் கூப்பிட்டார்கள். இத்தாலியில், பலேர்மோவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து மேல்மாடியில் இருப்பவர். அவரும் வேரோனிக்காவும் இத்தாலியனில் கதைத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நடுவில் ஒருதரம் சிரிக்கவும் செய்தார்கள்.

"உதுதானே அன்ரி அவவின்ர பாஷை?" அகஸ்ரின் நம்பிக்கையோடு கேட்டார்.

"இல்லையப்பு. அது அம்மம்மாவின்ர பாஷையாம். தாயின்ர பாஷை ரோமான்ஷ் எண்டு ஒண்டாம். மலைக்குள்ள இருக்கிற ஊர். நன்மை குடுக்கேக்க பாடுற பாட்டை நான் இத்தாலியனில பாடுறன் எண்டு சொல்லிப்போட்டன். அவ சரியெண்டு தலையாட்டினவ."

கரோலின் போனில் தேடினாள். "உலகத்திலேயே ஒரு அறுபதாயிரம் பேர்தான் கதைக்கினமாம், அப்பா."

"ஸ்காபரோவில எத்தினை பேர்?"



வெள்ளிக்கிழமை காலை அகஸ்ரின் குசினியில் நின்று, பூசை வைக்கப்போகும் பங்குக் குரு கிளிபோட் சுவாமிக்குப் போன் எடுத்தார். சுவாமிக்குப் பொறுமை அதிகம். ஜேர்மன் வாசகம், பிரெஞ்சு வாசகம், இத்தாலியன் பாட்டு, இன்னும் கிடைக்காத ரோமான்ஷ் செபம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அகஸ்ரின், பன்ரெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு பூசை இருக்கு. இதுக்குள்ள தமிழை எங்க வைக்கிறது?"

அகஸ்ரின் யோசித்தார். செய்யக்கூடிய பெரிய தியாகம் எதுவென்று அவருக்குத் தெரிந்தது.

"தமிழை எடுத்துவிடுங்கோ சுவாமி. மிச்சத்தை இங்கிலிஷில வையுங்கோ. இவ்வளவு காலமும் அவவை வெளியில வைச்சிட்டம். அண்ணையின்ர பூசையில அவவுக்கு விளங்காத ஒரு சொல்லும் வேண்டாம்."

திரும்பிப் பார்த்தால் கதவடியில் வேரோனிக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மக்டலீன் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். "ஆரோடயோ போனில கதைக்கிறா. அழுறா. என்னப்பா சொன்னனீங்கள்?"

"அவவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. சுவாமியோடதான் கதைச்சனான்."

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. இரண்டு நாளாக அகஸ்ரின் தள்ளிப்போட்ட வழி. அண்ணனுக்கு மரியோ என்று ஒரு மகன் இருந்தான். கைக்குழந்தையோடு மனைவியைத் தனியே விட்டுவிட்டு வர முடியாமல் அவன் சுவிஸிலேயே நின்றுவிட்டான். அவன் பிறந்தபோது இவர் ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. இன்றைக்கு எந்த முகத்தோடு அவனைக் கூப்பிடுவது? ஆனால் அந்த ரோமான்ஷ் செபத்தைச் சொல்லித்தர உலகத்தில் அவனை விட்டால் இவருக்கு வேறு ஆள் இல்லை.

கரோலின் இலக்கத்தை அழுத்திப் போனைக் கையில் கொடுத்தாள்.

"ஹலோ, மரியோ," என்றார் அகஸ்ரின். மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த இங்கிலிஷ் வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "திஸ் இஸ் அங்கிள் அகஸ்ரின். ஐ ஆம் சொறி. வெரி சொறி. யுவர் மதர் கிறையிங். ஐ வோன்ற் பிறேயர் இன் ஹேர் லாங்வேஜ். பிளீஸ், விச் லாங்வேஜ்?"

மரியோ ஆறுதலாகச் சொன்னான்:

"சித்தப்பா, அம்மாவோட ஆர் எந்தப் பாஷையில கதைச்சாலும் அவ அந்தப் பாஷையிலதான் மறுமொழி சொல்லுவா; எங்கட வீட்டில நாங்கள் கதைக்கிற தமிழில மட்டும், நீங்கள் ஒருத்தரும் அவவோட இன்னும் ஒரு வார்த்தையும் கதைக்கேல்லையாம்."