அம்மா படத்துக்கு ஈர ஸ்பாஞ்சு போட்ட விவரம்

விருத்தாசலம்

மகாகனம் பொருந்திய ஓவியர், என் மகள் இளமதிக்கு அப்பா கலியமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுதணும், எழுத மாட்டாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி நோட்டு முழுக்க எருமை வரைந்து என்னை ஸ்கூலுக்கு வரவழைத்த பெண், கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்து, பரோடாவில் பேர் வாங்கி, இப்போது டெல்லியில் தன் படங்களை மட்டும் வைத்து முதல் கண்காட்சி நடத்துகிறாள் என்று பெண்ணாடம் வரைக்கும் சொல்லிவிட்டேன். நல்லூர் சித்தப்பா மட்டும், "அது சரிங்க, வேலைக்கு எப்பப் போவுது?" என்கிறார். அவரை விடு. பொங்கலுக்கு வந்தபோது அம்மாவை நாலு நாள் நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தாயே, அதுதான் கண்காட்சியில் முதல் படம், பன்னிரண்டாம் தேதிக்குள் டெல்லி போய்ச் சேரணும், தூசி தட்டிப் பார்சல் போடுப்பா என்றாய். இங்கேதான் வினை. முப்பது வருஷம் செராமிக் யூனிட்டில் இருந்தவன் நான். எந்தப் பொம்மையையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத்தான் சூளைக்கு அனுப்புவோம். பழக்க தோஷம், உன் படத்தையும் துடைத்துவிட்டேன். அது வாட்டர் கலராம், எனக்கென்ன தெரியும், முதல் இழுப்பில் மூக்கு போச்சு, மூக்கைக் காப்பாத்தப் போய் வாய் போச்சு, புடவை நீலம் வழிஞ்சு நாற்காலி கால்ல வந்து நிக்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. யூனிட்டில் பொம்மைக்கு முகம் எழுதுகிற கனகாவைக் கூட்டிவந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு முகம் எழுதுகிற கை, பத்து நிமிஷத்தில் முடிச்சிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுச்சு. நல்லாத்தான் இருக்குது. என்ன, கொலுவில் வைக்கிற செட்டியாரம்மா மாதிரி கொஞ்சம் சிரிக்குது. நீ வரைந்ததில் அம்மா உர்ரென்று இருந்தாள், நீ எடுத்துப்போன போட்டோவில் அதைப் பார்த்து யாரோ பத்திரிகையில் தலைமுறைகளின் துயரம் என்று எழுதினார்களே, அன்றைக்கு அவளுக்குக் கடைவாய்ப் பல்வலி. பார்சல் நேற்றே போட்டாச்சு, நாலு பக்கமும் வைக்கோல் திணித்திருக்கிறேன், உடையாது.

திட்டுவதானால் என்னைத் திட்டு. அப்படியும் ஆறாவிட்டால் கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டு, நானே வந்து ஆஜராகிறேன். கண்காட்சி நல்லபடி நடந்து, நீ நூறு வருஷம் பேரும் புகழுமாக இருக்கணும்.

உன் அப்பா,
கலியமூர்த்தி

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினது. இப்போது கடைவீதிக்குப் போயிருக்கிறாள். ஸ்பாஞ்சு பிடித்தது நான் இல்லை, அவள். கனகாவைக் கூப்பிட்டதும் அவள்தான். பார்சலும் போகவில்லை, படம் கூடத்தில்தான் மாட்டியிருக்குது. பொங்கலிலிருந்து தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஏண்டி இப்படிப் பண்ணே என்று கேட்டேன். "எம்பொண்ணு கண்ணுக்கு நான் எப்பவும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கிறவளாத்தான் தெரியறனாங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அதுக்குப் பதிலை நீயே ஒரு தடவை வந்து சொல்லிட்டுப் போம்மா.