தலை ஆடிக்கு விண்டோஸ் போட்ட மாப்பிள்ளை

பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் தருமபுரிப் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். அவன் அங்கே என்னதான் செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. நான் ஒரு கம்பெனியின் செல்போன் செயலியில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று சொல்லி அனுப்புகிறவன். சரிசெய்வது வேறு ஆட்கள். (அவர்களும் பல சமயம் சரிசெய்வதில்லை.) பெண் பார்க்கப் போன அன்று எங்கள் வீட்டில் "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கறான்" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். நானும் காபியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அதற்கான பலன் தலை ஆடிக்குக் கிடைத்தது.

மாமனார் வீடு அதியமான்கோட்டையில். வீட்டை ஒட்டியே சர்வீஸ் ரோட்டின் மேல் அவருடைய எடைமேடை. மாங்காய் லாரிகள் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் வழியில் அங்கே ஏறி எடை போட்டுக்கொண்டு போகும். எடையைக் காட்டி, சீட்டு அடித்துக் கொடுப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. ஆடி முதல் நாள் காலையில், நானும் என் மனைவி சுகன்யாவும் பஸ்ஸை விட்டு இறங்கிய நேரம் பார்த்து, அது நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டது.

"மாப்ளே வந்துட்டாருல்ல, இனி என்ன கவலை?" என்றார் மாமனார். அவர் முகத்தில் உண்மையாகவே கவலை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பண்டிகையானாலும் பறித்த மாங்காய் காத்திருக்காது. சாயங்காலம் லாரிகள் வரத் தொடங்கிவிடும். இங்கே மேடை ஓடவில்லை என்றால் அவை கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு எடைமேடைக்குத்தான் போகும். அது மாமனாருடைய தம்பி பிற்பாடு சொந்தமாகப் போட்ட மேடை. பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் கல்யாணத்துக்கே பத்திரிகை போகவில்லை. தன் வாடிக்கை லாரி ஒன்று தம்பியின் மேடையில் ஏறுவதைப் பார்ப்பதைவிட மாமனார் தன் மேடையையே பெயர்த்தெடுத்து விற்றுவிடுவார்.

"விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசா போட்டா சரியாயிடும் மாமா" என்றேன். கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் இதைச் செய்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எக்ஸ்பி சிடி மேஜை டிராயரிலேயே இருந்தது. போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. சிடியிலிருந்து தொடங்க வேண்டுமானால் ஏதாவது ஒரு கீயை அமுக்கு என்று அர்த்தம். விமானம் ஓட்டுகிறவன் போல ஒரு கீயை அமுக்கினேன். பக்கத்து நாற்காலியில் மாமனார் கைகட்டி உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன். ஃபைல்கள் காப்பி ஆகத் தொடங்கின.

அந்த நேரத்தில் மாமியார் இலை போட்டுவிட்டார்.

தலை ஆடி விருந்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை பாதியில் எழுந்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை எதையும் தானாக எடுக்கக் கூடாது, தண்ணீரைக்கூட. "நீங்க நிம்மதியா சாப்பிடுங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்" என்று மாமனார் கம்ப்யூட்டருக்குக் காவல் உட்கார்ந்தார்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், பாதி முடிந்திருக்க வேண்டிய விண்டோஸ் ஆரம்பத் திரையில் நின்று, "போடலாமா?" என்று என்னைப் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சரி, எங்கேயோ தவறிவிட்டது என்று மறுபடி ஃபார்மட் செய்தேன். காப்பி ஓடியது. பாயசம் குடிக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தால் மறுபடி ஆரம்பத் திரை.

சிடியைப் பனியனில் துடைத்தேன். மறுபடி போட்டேன். சுட்ட தேங்காயை உடைத்து, உள்ளே வெந்த வெல்லத்தையும் எள்ளையும் கையில் கொடுத்து, சாமி கும்பிட அழைத்துப் போனார்கள். வந்தால் ஆரம்பத் திரை. கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரப்பர் எடுத்து அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தேன். (இது வைத்தியமே. ஊரில் எல்லா ரிப்பேர்க்காரர்களும் செய்வது.) அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "மாப்ள எவ்ளோ பொறுமையா செய்யறாரு பாரு" என்று பேசிக்கொண்டு போனார்கள். புது வேட்டியில் கிரீஸும் தூசியும். மாமனார் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தன் நாற்காலியில் காவல் காத்தார். மாப்பிள்ளையின் வேலையில் மூக்கை நுழைப்பது மரியாதை இல்லையாம்.

மறுபடி போட்டுவிட்டு, பலகாரம் சாப்பிடப் போய் வந்தால் அப்போதும் ஆரம்பத் திரைதான். கடைசியில் டாக்டர்கள் பேசும் குரலில் தீர்ப்புச் சொன்னேன்.

"மதர்போர்டு போயிருச்சுங்க மாமா."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் சுகன்யா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, இவர் எந்திரிச்சுப் போனப்ப நீ ஏதாவது தொட்டியா?"

"நான் எதுக்கும்மா தொடறேன்? அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. மாப்ள மொதல்ல அமுக்குனாரே, அந்த வரி வந்துச்சு. அதுக்குன்னு சாப்பிடற மனுசன எழுப்பறதான்னு நானே அமுக்கிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் கரெக்டா அமுக்கிட்டேன், ஒண்ணும் விடல."

காப்பி முடிந்ததும் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். அதே வரி மறுபடி வரும். அப்போது எதையும் தொடாமல் விட்டால்தான் மீதி வேலை நடக்கும். தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மாமனார் எனக்குச் செய்த மரியாதையில்தான் விண்டோஸ் காலையிலிருந்து செக்குமாடாகச் சுற்றியிருந்தது. அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைக் கோபிக்க நேரம் இல்லை.

யாரும் தொடாத அடுத்த முறை விண்டோஸ் சமர்த்தாக ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் ஆசையோடு எட்டிப் பார்த்து, "எடை எங்கங்க மாப்ளே?" என்றார்.

எடை இல்லை. எடைமேடைக்கான சாஃப்ட்வேரையும் சேர்த்துத்தான் நான் அழித்திருந்தேன்.

"அதோட சிடி எங்க மாமா?"

மாமனார் தம்பியின் மேடைப் பக்கம் கண்ணைக் காட்டினார். பாகம் பிரித்தபோது இந்த எடைமேடை அண்ணனுக்கும் பீரோ தம்பிக்கும் போயிருந்தது. சிடி பீரோவில் இருந்தது. வெளியே முதல் லாரி ஹாரன் அடித்தது.

"இருங்க, நான் போய் வாங்கியாறேன்" என்று கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்ல மாமனார் வாயைத் திறந்தார். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் மூடிக்கொண்டார்.

சின்ன மாமனார் என்னை வாசலில் பார்த்ததும் திகைத்துப்போனார். நான் யாரென்று மட்டும் சொன்னேன்; வந்த காரியத்தைச் சொல்வதற்குள் உள்ளே பார்த்து, "ஏம்மே, நம்ம சுகன்யா வூட்டுக்காரரு வந்திருக்காரு, எலயப் போடு" என்று கத்தினார். தலை ஆடிக்கு வீடு தேடி வந்த மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப அந்த வீட்டிலும் வழக்கமில்லை. தொண்டை வரை நிரம்பியிருந்த நான் மறுபடி உட்கார்ந்து, வடையைப் பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் கரெக்டாக அமுக்கிய இடம் வந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தார்.

சிடியை என் கையில் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார். மேடை அறைக்குள் நுழைந்து, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அண்ணனிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"எண்ணா, நீ கைய எடுத்துப் பின்னாடி வெச்சுக்க."

மாமனார் உடனே எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் லாரிகள் எடை போட்டுக்கொண்டு போயின. காத்திருக்க முடியாத சிலவற்றை மாமனாரே, "தம்பி மேடைக்குப் போயிடுங்க, அதும் நம்முளுதுதான்" என்று அனுப்பினார்.

இப்போது எந்த விசேஷத்திலும் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். அவர்கள் சொல்லும் கதையில் மாமனார் எந்தக் கீயையும் அமுக்குவதில்லை. பெங்களூர் மாப்பிள்ளை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ரப்பர் போட்டு அழித்துவிடுகிறார், அவ்வளவுதான். திருத்தலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆடிக்கு இப்போது எனக்கு இரண்டு வீட்டிலும் இலை விழுகிறது. போன ஆடியில் புழுக்கம் தாங்காமல் ஃபேன் சுவிட்சைப் போட எழுந்தேன். இரண்டு மாமியார்களும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்கள்.

"நீங்க உக்காருங்க மாப்ளே. நாங்க விசிறிவுடறோம்."