மண்பானைக்குள் இரண்டு மருந்து

மன்னார்புரம்,
13-8-1961

பிலாயில் வேலை பார்க்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ராமருக்கு, மயிலம்மாளின் அம்மாச்சி வெள்ளையம்மாள் வாயார வாழ்த்தி எழுதுவது. உங்கள் மச்சினன் மருதை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவன் அண்ணன் செல்லக்கண்ணு அரியமங்கலம் பட்டறையில் கடைசல் மிஷின் ஓட்டுகிறான், முதலாளியே அவனை ‘வாங்க’ என்கிறாராம். எல்லோரையும் மிஞ்சியவள் உங்கள் மனைவி மயிலம்மாள்தான். முந்தாநாள் மத்தியானம் பிரசவமாகி, தாயும் குழந்தையும் சுகம்.

சுகம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், இனிமேல் படிக்கிறதற்குப் பதறாதீர்கள். எனக்குச் சர்க்கரை வியாதி, தினம் போடுகிற இன்சுலின் புட்டியைக் குளிர்ச்சிக்காக ஈரமணல் மேல் மண்பானையில் வைத்திருப்போம். பிரசவம் பார்க்கிற நர்ஸ் நஜீமாவும், குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிற மருந்தை அதே பானையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதுவும் ரப்பர் மூடி போட்ட குட்டிப் புட்டி, அதுவும் தண்ணீர் மாதிரி மருந்து. ஆடி வெள்ளியாச்சே என்று அன்று காலை நான் பானையைக் கழுவினேன். புட்டிகளையும் விடவில்லை, சீயக்காய் போட்டுத் தேய்த்து மஞ்சள் குங்குமம் வைத்தேன். ஒட்டியிருந்த பேர்ச்சீட்டு இரண்டும் தண்ணீரோடு போய்விட்டது.

குழந்தை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. நஜீமா பானைக்குள் கைவிட்டாள்.

“பாட்டி, இதுல எது என்னோடது?”

“ரெண்டும் ஊசிமருந்துதானே, ஒண்ணைப் போடேன்டி!”

“ஒண்ணு சர்க்கரையை இறக்கும், ஒண்ணு கர்ப்பப்பையைச் சுருக்கும். மாத்திக் குத்தினா பச்சை உடம்புக்காரி மயங்கிச் சாஞ்சிடுவா. பேரில்லாத மருந்தை நான் தொட மாட்டேன்!”

மருதை புது மருந்து வாங்கச் சைக்கிளில் பறந்தான். “ரெண்டையும் குடிக்கவாவது கொடேன்” என்றேன்.

“குடிச்சா பருப்பு மாதிரி செரிச்சுப் போயிடும் பாட்டி. ரெண்டுக்குமே ஊசிதான் வழி. நீங்க குழந்தையை அவ மார்ல போடுங்க, சீக்கிரம்!”

போட்டேன். நஜீமா மயிலம்மாளின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டேயிருந்தாள். குழந்தை பால் இழுக்க இழுக்க ரத்தம் மட்டுப்பட்டது. மருதை வந்ததும் ஊசியும் போட்டாயிற்று. குழந்தை வாய் வைத்தால் அந்த மருந்து தாய் உடம்பிலேயே சுரக்குமாம். இன்சுலினும் எல்லோர் உடம்பிலும் சுரக்கிறதுதானாம். எனக்குத்தான் வற்றிவிட்டது.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குச் சோறு போடுகிற வீட்டுக்காரம்மாளுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
வெள்ளையம்மாள்

பின்குறிப்பு: மயிலம்மாள் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். “ஒரு குறையும் இல்லை, அம்மாச்சிதான் பக்கத்தில் நின்று என்னைக் காப்பாற்றினார்கள்” என்று எனக்குப் படித்தும் காட்டினாள். நானும் தலையாட்டி வைத்தேன். நீங்களும் அதையே நம்புங்கள், இதைக் கிழித்துப் போடுங்கள். குழந்தை என்னவென்று எழுதவில்லையே, பெண். மகளிடம் காட்ட உங்கள் புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள், மீசையோடு.