பவளப்பாறையைத் தூக்க வந்தவர்கள்

"அஞ்சு வருஷமா? அதுக்குள்ள என் பல்லெல்லாம் கொட்டிரும். அப்புறம் மீனைக் கரைச்சுக் குடிக்கவா?" என்றான் அபெனிசா.

ஊர்க்கூடம் சிரித்தது. விலிமைனா சிரிக்கவில்லை. ஊர்க்கடல் பாதுகாப்புக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். பவளப்பாறையில் மீன்பிடிக்கத் தடை போட்டு இன்றோடு ஒரு வருடம் முடிகிறது. அடுத்து எவ்வளவு காலம் மூடுவது என்று இன்றே ஊர் கூடி முடிவு செய்யாவிட்டால், நாளை விடிந்ததும் வலைகள் இறங்கிவிடும்.

"கலவா மீன் முழங்கை நீளத்துக்கு வளரணும், முட்டையிடணும். அதுதான் இலக்கு. அதுக்கு அஞ்சு வருஷம் வேணும்."

"மீனை வித்து ரக்பி டீமுக்கு இந்த மாசமே சட்டை வாங்கணும்க்கா. கலவா பிரசவம் முடியிற வரைக்கும் வெறும் உடம்போட ஆடவா?" என்றான் அபெனிசா.

ஊர்த் தலைவர் எமோசி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அபெனிசா அவருடைய அக்காள் மகன். ஃபிஜியில் அக்காள் மகன் கேட்டால் மாமன் கட்டியிருக்கும் துணியையும் அவிழ்த்துக் கொடுத்தாக வேண்டும். அவர் சிரட்டையிலிருந்த யங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டு வாசல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

"சரி, மூணு வருஷம்" என்று விலிமைனா கொஞ்சம் இறங்கி வந்தாள். அதுதான் தப்பாகிவிட்டது. இறங்கி வருகிறவளைத் தரையில் உட்கார வைக்காமல் எந்த ஊர் விட்டிருக்கிறது?

"ரெண்டு!" என்றது ஒரு குரல்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும்!" என்றது இன்னொன்று.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்!" என்றான் அபெனிசா.

அப்போது கரையில் சங்கு ஊதியது. "சகியூசா கூட்டம் வருது! ரெண்டு படகு!"

விலிமைனா எழுந்துவிட்டாள். பக்கத்துத் தீவுக்காரர்களான அவர்கள் இந்த ஊருக்குத் தௌவு முறை. இரண்டு ஊருக்கும் ஆதிதெய்வம் ஒன்று. அதனால் ஒருவர் ஊரில் மற்றவர் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் சிரிக்க வேண்டும், முகம் சுளித்தால் மானக்கேடு. போன முறை இவர்கள் வந்தபோது, போதகர் எழுந்து ஜெபித்த நேரத்தில் அவருடைய நாற்காலியைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

இவர்கள் கண்ணில் பாறை பட்டால் என்ன ஆவது? விலிமைனா கரைக்கு ஓடிப்போய், பாறையின் எல்லை காட்டி நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கிப் புதரில் எறிந்தாள்.

"அட, எல்லையவே காணோமே!" என்று கைதட்டினான் பின்னாலேயே வந்த அபெனிசா. "எல்லை இல்லேன்னா தடையும் இல்ல. பாறை திறந்தாச்சு!"

அதற்குள் சகியூசா தொந்தியை முன்னே விட்டு வந்து சேர்ந்தான். வந்ததும் அபெனிசாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டான்.

"எனக்குத்தான் எடுப்பா இருக்கு. சரி, மீன் எங்கே?"

"மீனா?" என்றாள் விலிமைனா அவசரமாக. "பாறையில ஒண்ணுமே இல்லண்ணா. கழுவி வச்ச சட்டி மாதிரி கிடக்கு."

"கேட்டீங்களா?" என்று துள்ளினான் அபெனிசா. "ஒரு வருஷம் மூடியும் ஒண்ணுமே இல்லையாம். செயலாளரே சொல்லிட்டாங்க. பிறகு எதுக்கு மூடணும்?"

தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமே என்று விலிமைனாவுக்கு அழுகை வந்தது.

சகியூசா நம்பவில்லை. நேரே கடலில் குதித்து முங்கிவிட்டு வந்தான்.

"பொய்க்காரி! பாறை பூரா விரல் நீளத்துக் கலவாக் குஞ்சு. காலை வைக்க இடமில்ல. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எடுத்துக்கிட்டோம்."



"எடுத்துக்கிட்டு... என்ன செய்யப் போறீங்க?" என்றான் அபெனிசா.

"வளர்க்கப் போறோம். பத்து வருஷத்துக்கு எங்க பாறையில எவனும் தூண்டில் போடக் கூடாது. ஏன், கோபமா?"

"கோபமா? எனக்கா?" அபெனிசா எல்லாப் பற்களையும் காட்டினான். "மாமா, நீங்களாவது..."

"நான் என்னப்பா செய்வேன்?" என்றார் எமோசி. "உனக்கும் இல்லைன்னு சொல்ல முடியாது, அவங்களுக்கும் முடியாது. அவங்க முந்திட்டாங்க."

அஞ்சு கேட்டவளுக்குப் பத்து! விலிமைனா வீறிட்டுக் கத்தியபடி ஆட ஆரம்பித்தாள். பெண்கள், ஆடுகிறவர்களைக் கொண்டாடும் ஊர் வழக்கப்படி, பவுடர் டப்பாக்களைத் திறந்து அவள் தலையில் கொட்டினார்கள். பிடுங்கி எறிந்த கம்புகளை அபெனிசாவே தேடி எடுத்து நட வேண்டியதாயிற்று, அதுவும் சிரித்துக்கொண்டே. அவள் வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷத்தைக் கண்டதில்லை.

மாலையில் படகு ஏறும்போது சகியூசாவின் மனைவி லவேனியா, விலிமைனாவைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்:

"அடுத்த மாசம் உங்க முறை, மறந்துடாதீங்க. எங்க ஊர்ப் பாறையையும் இதே மாதிரி வந்து பிடுங்கி மூடித் தர்றதா உங்க தலைவர் போன்ல சத்தியம் பண்ணியிருக்காரு!"