tg-ஐத் திருப்பிக் கொடுங்கள், பெரியப்பா

சா டெக்,
ஏழாம் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள்

மாணவர் கணித இதழின் ஆசிரியர் பெரியப்பா அவர்களுக்கு, பதினோராம் வகுப்பு லோவான் வணங்கி எழுதுவது. உங்கள் வயது தெரியவில்லை. என் அப்பாவைவிட இளையவராக இருந்தால் சித்தப்பா என்று திருத்தி வாசிக்கவும். நீங்களும் இதழும் நலமாக இருக்க வேண்டும்.

புதிய பாடநூலில் டேன்ஜென்டுக்கு இதுவரை எழுதிவந்த tg போய் tan வந்துவிட்டது. cotg-யும் cot ஆகிவிட்டது. sin, cos இரண்டையும் யாரும் தொடவில்லை. tg மட்டும் என்ன பாவம் செய்தது? கணக்கு வாத்தியாரான என் அப்பா எனக்கு tg என்றுதான் சொல்லிக்கொடுத்தார். போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். நான் tg எழுதினால் ஆசிரியை சிவப்பு வட்டம் போட்டு, "காலி பண்ணின வீட்டுக்கே இன்னும் கடுதாசி போடுறியா?" என்கிறார். வகுப்பே சிரிக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. வராத கணக்கை அப்பா படத்தின் முன் வைத்து ஊதுவத்தி ஏற்றுவேன். காலையில் வழி புலப்பட்டுவிடும். tan வந்ததிலிருந்து ஒன்றும் புலப்படுவதில்லை. அவருக்குத்தான் tan தெரியாதே! அதனால் நேற்று, பௌர்ணமி வழக்கப்படி இறந்தவர்களுக்குக் காகிதப் பொருட்களை எரித்து அனுப்பும்போது, ஹியெப் சித்தப்பா வாங்கி வந்த காகித மோட்டார் சைக்கிளோடு பாடநூலின் குறியீட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"அடியே, ஸ்கூல் புஸ்தகத்தையா கொளுத்துற?"

"அப்பாவுக்கும்மா. அவருக்கு புதுசு தெரியாதுல்ல?"

"செத்தும் வாத்தியாருக்கு லீவு இல்லையா? பாவம்டி எங்கண்ணன்!" என்று சிரித்த சித்தப்பா பாதியில் நிறுத்திவிட்டு, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அதற்குள் பக்கம் பாதி எரிந்து, காற்றில் பறந்து, பக்கத்து வீட்டு மீன் சாஸ் ஜாடியில் விழுந்தது. cot போய்ச் சேர்ந்திருக்கலாம். tan ஜாடியில்.

ஆகவே பெரியப்பா, tg, tan இரண்டுமே சரி என்று இதழில் எழுதுங்கள். அப்பாவுக்குச் சொல்ல வழியில்லை. உங்களுக்குத் தபால் உண்டு.

உங்கள் குடும்பம் நீடூழி வாழவும், விடைப் பக்கத்தில் அச்சுப்பிழை வராதிருக்கவும் வேண்டிக்கொள்ளும்,
லோவான்

பின்குறிப்பு: அம்மா இதைப் படித்துவிட்டார். "tan-தான் வேணும்னு வாத்தியாருங்க கூட்டத்துல மொதல்ல கை தூக்கினதே உங்கப்பாதான்டி. கால்குலேட்டர்ல இருக்கிறதே புஸ்தகத்துலயும் இருக்கட்டும்னாரு. உனக்குப் படுக்கையில கிடந்து சொல்லிக்குடுத்தாரு. பழகின கைக்கு tg-தானே வரும்?" என்கிறார். அப்படியானால் அப்பாவுக்கு tan தெரியும். விடை வராததற்கு tan காரணமில்லை.

தயவுசெய்து இதைப் பிரசுரிக்க வேண்டாம். பரீட்சைத் தாளில் tan என்றே எழுதுகிறேன். யாரும் திருத்தாத ரஃப் தாளில் மட்டும் tg.